கினோவின் அசைக்கணக்கு: ஓப்பெராவுக்கு வசனம் எழுதுவது எப்படி?

ஃபிலிப் கினோ பிரெஞ்சு நாடகாசிரியர். 1673 முதல் 1686 வரை இசையமைப்பாளர் லுல்லிக்காக 11 சோக ஓப்பெராக்களுக்கு லிப்ரெட்டோ, அதாவது பாடுவதற்கான முழு நாடகப் பிரதி, எழுதினார். ஒவ்வொன்றுக்கும் 4,000 லீவ்ரு ஊதியம். அமைப்பு மாறாது: மன்னர் புகழ் பாடும் முன்காட்சி, பிறகு 5 அங்கங்கள், அங்கத்துக்கொரு ஆட்டமும் கூட்டுப்பாட்டும்.

ஆட்டப் பகுதிகளில் மெட்டுதான் முதலில். லுல்லி தத்தகாரம் போல வெற்று வரிகளைக் கொடுப்பார். கினோ அந்த அளவுக்குச் சொல் நிரப்புவார். கதைக் காட்சிகளில் நேரெதிர்: சொல் முதலில், இசை பின்னால். உண்மையான கைத்திறன் இங்கேதான் தெரியும்.

அக்கால நாடக வரிக்கு 12 அசை, 6-ஆவதில் ஒரு நிறுத்தம். (நேர், நிரை அல்ல, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை.) பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசியில் விழுவதால், இசையின் வலுத்த தட்டும் அங்கேதான் வந்தாக வேண்டும். எல்லா வரியும் 12 என்றால் தட்டு ஒரே இடைவெளியில் விழுந்து சலிப்புத் தட்டும். அதனால் கினோ வரியளவைக் கலைத்துப் போட்டார்.

‘ஆர்மிட்’ (1686) ஓப்பெராவின் இரண்டாம் அங்கத்தில், உறங்கும் எதிரி ரெனோவைக் குத்தக் கத்தியோடு வருகிறாள் சூனியக்காரி ஆர்மிட். முதல் நான்கு வரிகள் 8, 12, 12, 10 அசை. லுல்லியும் தாளத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டே போகிறார். அடுத்து அவள் தடுமாறும் இடம்: ‘முடிப்போம்… நடுங்குகிறேன்! பழிதீர்ப்போம்… பெருமூச்சு விடுகிறேன்!’ பிரெஞ்சு மூலத்தில் இது 12 அசை வரிதான். ஆனால் மும்மூன்றாக நான்கு துண்டு. இடையிடையே மௌனம் வைக்க இசையமைப்பாளருக்கு வேறென்ன வேண்டும்?

ஈற்றசையிலும் ஒரு கண்ணி உண்டு. பேச்சில் தேய்ந்துபோகும் சொல்லிறுதி ‘எ’ ஒலி, வரிக் கடைசியில் வந்தால் பாட்டில் தனிச் சுரம் வாங்கும். அசைக்கணக்கில் மட்டும் சேராது. அது வலுத்த தட்டில் விழுந்தால் சொல்லே கோணலாகக் கேட்கும். இப்படி முடியும் மெல்லீற்று வரிகளையும், அந்த ஒலி இல்லாமல் முடியும் வல்லீற்று வரிகளையும் மாற்றி மாற்றி வைப்பது மரபு.

லுல்லி லேசில் விடுகிறவர் அல்ல. ‘ஃபாயெத்தோன்’ (1683) ஓப்பெராவின் காட்சிகளைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுத வைத்தார். உழைப்பு வீண்போகவில்லை. 1777-இல் இசையமைப்பாளர் குளுக் அதே ‘ஆர்மிட்’ பிரதிக்குப் புது இசை அமைத்தபோது முன்காட்சியை நீக்கினார், மூன்றாம் அங்க முடிவில் நான்கு வரி சேர்த்தார். மற்றபடி பெரும்பாலும் கினோவின் சொற்களையே வைத்துக்கொண்டார்.