ரத்தம் நார்மல், முகம் மட்டும் ஏன் எரியுது டாக்டர்?

முகத்துக்கு லேசர் செய்து நாலாவது நாள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு வந்து நிற்பவர்களிடம் அழகு சிகிச்சை டாக்டர்களான நாங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இதுக்கு முன்னாடி உதட்டுலயோ கீழயோ கொப்பளம் வந்திருக்கா?” பதிலும் எப்போதும் ஒன்றுதான்: “அது சூட்டுக் கொப்பளம் டாக்டர். வெயில் காலத்துல வரும், தானா போயிடும்.”

வேலூர் வெயில் மேல் எந்தப் பழியையும் போடலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அதே இடத்தில், கொத்தாக, எரிச்சலோடு எழும்பி, பத்து நாளில் காய்ந்து, சில மாதம் கழித்து மறுபடி வருவது வெறும் சூடு இல்லை. ஹெர்பிஸ், உதட்டிலும் பிறப்புறுப்பிலும் வரும் வைரஸ் தொற்று. பல்லி எச்சமும் இல்லை. காவியால் அக்கி எழுதினாலும் போகாது. ஒருமுறை நுழைந்த வைரஸ் நரம்பு முடிச்சில் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், தூக்கமின்மை, தோலைச் சுரண்டும் சிகிச்சை என ஏதாவது ஒன்று எழுப்பும். வெயிலும் எழுப்பும், அந்த மட்டில் சொல்வது சரி.

கார்பன் டை ஆக்சைடு லேசர், ஆழமான பீல் (ரசாயனம் தடவித் தோலை உரிப்பது), டெர்மாப்ரேஷன் (தோலைத் தேய்த்து எடுப்பது) எல்லாம் மேல்தோலை எடுத்துவிடும் வேலைகள். மேல்தோலே இல்லாத இடத்தில் கொப்பளம் எப்படி எழும்பும்? சின்னச் சின்னப் பச்சைப் புண்களாகத்தான் பரவும். அதைப் பார்த்து ‘செப்டிக்’ என்று ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள், அல்லது ‘அலர்ஜி’ என்று ஸ்டீராய்டு களிம்பு. முதலாவது வீண். இரண்டாவது, எரிகிற இடத்தில் மண்ணெண்ணெய். ஒரு வாரம் பத்து நாளில் மூட வேண்டிய தோல் வாரக்கணக்கில் இழுத்துத் தழும்பில் முடிகிறது.

இத்தனைக்கும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையால் தடுப்பது எளிது. அசைக்ளோவிர் 400 மி.கி. தினம் 3 வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 500 மி.கி. 2 வேளை. சிகிச்சைக்கு முந்தின நாளே தொடங்கி, தோல் மூடும்வரை 7 முதல் 14 நாள். முழு முகத்துக்கு ஆழமான லேசர் என்றால், கொப்பளமே வந்ததில்லை என்பவருக்கும் கொடுத்துவிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், எனவே மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். கொப்பளம் இப்போதே இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். பொருக்கு உதிர்ந்து தோல் சரியாகட்டும். கல்யாண ரிசப்ஷன் பக்கத்தில் இருக்கிறது என்பது மருத்துவக் காரணம் ஆகாது.

இனி, ‘ரத்தம் பார்த்தாச்சு, எல்லா டெஸ்ட்டும் நார்மல்’ என்று பலர் சொல்லும் கதை. எல்லா டெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது! ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக எடுப்பது ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி. சில இடங்களில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். அவ்வளவுதான். ஹெர்பிஸ் அதில் இல்லை. கொனோரியா, கிளமிடியா போன்ற பால்வினை நோய்கள் இல்லை. மரு உண்டாக்கும் வைரஸ் இல்லை. எடுக்கும் டெஸ்ட்டுக்கும் கால எல்லை உண்டு: போன வாரம் தொற்றிய ஹெச்.ஐ.வி. இந்த வாரம் தெரியாது. ஆன்டிபாடி சோதனை ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல 90 நாள் ஆகலாம். அந்தத் தாள் ஒரு சல்லடை. அதில் விழாதவற்றை உங்கள் வாய்தான் சொல்ல வேண்டும்.

“கீழே இருக்கிற நோய் மூக்கை என்ன செய்யும்?” நியாயமான கேள்வி. கொனோரியா மூக்குத் தையலைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் வயிற்றுக் கொழுப்பு அகற்றும் நீண்ட ஆபரேஷனில் சிறுநீர்க் குழாய் போடுவோம். அழற்சி உள்ள பாதையில் அதைச் செருகினால் காயம். பிறப்புறுப்பில் செய்யும் அழகு சிகிச்சை என்றால் கேட்கவே வேண்டாம். கத்தி வைக்குமுன் போடும் ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் இதையும் சேர்த்துக் குணமாக்கும் என்று நம்பாதீர்கள், அது அந்தக் காயத்துக்கு மட்டும்.

சிஃபிலிஸ் வேறு வழியில் வரும். பூச்சி அரித்த கம்பளி மாதிரி அங்கங்கே முடி கொட்டி, ‘முடி நட எவ்வளவு ஆகும்’ என்று வருவார்கள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் செம்புநிறத் தடிப்பு. நட வேண்டியதில்லை. ஆரம்ப நிலையில் பென்சதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒருமுறை இடுப்பில் போட்டால் போதும், முடி தானே முளைக்கும். ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல் வரலாம். அதனால் அன்றைக்கே வேறு ஆபரேஷன் வைக்கக் கூடாது, எந்தக் காய்ச்சல் எதனால் என்று தெரியாமல் போகும்.

ஹெச்.ஐ.வி. விஷயத்தில் எரிச்சல் நோயாளிகள் மேல் மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் மேலும்தான். 1986இல் இந்தியாவின் முதல் தொற்றுகள் தெரியவந்தபோது, சென்னையில் எடுத்த ரத்தம் சோதனைக்கு வந்தது இந்த வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்குத்தான். அந்த ஊரிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது: ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் அளவு அடங்கி, சி.டி.4 (நோய் எதிர்ப்பு வெள்ளணு) எண்ணிக்கை 200க்கு மேல் நன்றாக இருப்பவருக்குக் காயம் பொதுவாக மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறும். தொற்றைக் காட்டி சிகிச்சை மறுப்பது 2017ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி. சட்டப்படி தவறு.

மறைத்தால்தான் சிக்கல். டெனோஃபோவிர், டோலுடெக்ராவிர், ரிட்டோனாவிர் எல்லாம் ஹெச்.ஐ.வி. மருந்துகள். டெனோஃபோவிர் சாப்பிடுகிறவருக்கு வலிக்கு டைக்ளோஃபெனாக்கைத் தாராளமாக எழுதினால் சிறுநீரகம் அடிவாங்கும். டோலுடெக்ராவிரோடு இரும்பு, கால்சியம், அசிடிட்டி மருந்து சேரக் கூடாது. டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். ரிட்டோனாவிர் உள்ளவருக்குத் தழும்பு ஊசியாக டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டால், அந்த ஸ்டீராய்டு உடம்பில் தேங்கி முகம் வீங்கி அட்ரினல் சுரப்பி முடங்கலாம். ஆபரேஷன் அன்று வெறும் வயிறு என்று கூட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள். மயக்க மருத்துவரிடம் கேட்டு ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கலாம்.

அடிவயிறு, தொடைப் பகுதி ஆபரேஷனுக்கு வீட்டில் பிளேடால் மழித்துக்கொண்டு வராதீர்கள். மருவும், நடுவில் குழிந்த முத்துப் பருவும் மழித்த கோட்டிலேயே பரவும். பிறப்புறுப்பில் தையல் என்றால் பொதுவாக 6 வாரம் உறவு வேண்டாம். அதற்குப் பிறகு ஆணுறை பயன்படுத்தும்போது தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவாதீர்கள், ரப்பர் கிழியும். பால்வினை நோய் இருந்தால் சிகிச்சை துணைக்கும் சேர்த்துத்தான்.

சோதனைக்குக் கூச்சமென்றால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. சோதனை இலவசம், 1097க்கு அழைத்தும் கேட்கலாம். எங்களிடம் வரும்போது கூடவே அண்ணனோ மாமியாரோ உட்கார்ந்திருந்தால், ‘தனியா ஒரு நிமிஷம்’ என்றால் போதும், அவர்களை வெளியே அனுப்புவது எங்கள் வேலை. அதுவும் வாயில் வரவில்லையா? சாப்பிடும் மாத்திரை அட்டையை மேசைமேல் வையுங்கள், நாங்கள் படித்துக்கொள்வோம்.