இரண்டு ரீல்ஸை வைத்து எதிர்காலம் கேட்காதீர்கள்

போன வாரமும் ஒரு அப்பா இரண்டு வீடியோ அனுப்பினார். ஒன்றில் அவர் மகன், இன்னொன்றில் அதே கூடைப்பந்து டீமில் ஆடும் பையன். "சார், ரெண்டு பேர்ல யாருக்கு ஃப்யூச்சர் இருக்கு?" இதே கேள்வி மாதாமாதம் வருகிறது. பயிற்சியாளனாகப் பொறுமையாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும், அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகளே இதில் சறுக்குகின்றன. 2007 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், கிரெக் ஓடன், கெவின் டுரான்ட் என இருவர் முன்னணியில் இருந்தார்கள். ஓடன் ஏழடி சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடுபவர்), மலை மாதிரி உடம்பு. டுரான்ட் ஒல்லி. டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 84 கிலோ பெஞ்ச் பிரஸ்ஸை அவரால் ஒரு முறைகூடத் தூக்க முடியவில்லை. போர்ட்லாந்து அணி முதலிடத்தில் ஓடனை எடுத்தது. அந்த செப்டம்பரிலேயே அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, முதல் சீசன் முழுக்கப் போயிற்று. அந்த அணிக்காக அவர் ஆடியது மொத்தமே 82 ஆட்டங்கள். டுரான்ட் 2014இல் எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர். ஓடனைத் தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல, அவர் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரர். முழங்கால் என்ன செய்யும் என்று யாராலும் ஒப்பிட்டுச் சொல்லிவிட முடியாது.

அடுத்து உயரம். இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. உயரம் உள்ளே நுழைய விடும், அவ்வளவுதான். பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங் ஏழடி இரண்டங்குலம். 2015இல் டல்லாஸ் அணி அவரை 52ஆவதாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் ஆள் அவர்தான். கடும் உழைப்பாளி. ஆனாலும் ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட இறங்க வாய்க்கவில்லை. உயரம் மட்டும் போதும் என்றால் அவர் ஆடியிருக்க வேண்டாமா? நிகோலா யோகிச்சும் உயரம்தான், ஆனால் பெரிதாகக் குதிக்க மாட்டார், ஓட்டமும் மெதுவு. 2014இல் 41ஆவதாகப் போனார். அதன்பின் மூன்று எம்விபி. அவருடைய பாஸை எந்த அளவுநாடா அளக்கும்?

உயரம் கூட்டும் பவுடர் வாங்கித் தரும் பெற்றோரே, அந்தக் காசுக்குப் பையனுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

வயதையும் பாருங்கள். 2013 டிராஃப்டில் முதலாவதாகப் போன அந்தோனி பென்னட்டுக்கு அப்போது 20 வயது. 15ஆவதாகப் போன யானிஸ் அன்டெட்டோகவுன்போவுக்கு 18தான், கிரீஸின் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தார். டிராஃப்டுக்குப் பிறகும் வளர்ந்தார். பென்னட் நான்கு சீசனில் என்பிஏவை விட்டே போய்விட்டார். பதினைந்து வயதில் இந்த வித்தியாசம் இன்னும் பயங்கரம். மீசை முளைத்துவிட்டவனையும் குரல்கூட உடையாதவனையும் பக்கத்தில் நிறுத்தி என்ன ஒப்பீடு?

நாங்கள் எதைப் பார்ப்போம் என்று கேட்பீர்கள். ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுலுக்குப் பிறகு யாரும் தடுக்காமல் கூடையை நோக்கிப் போடும் பந்து. தூரத்திலிருந்து பந்து போடக் கற்றுக்கொள்வானா என்பதற்கு இன்றைய த்ரீ பாயிண்டைவிட அதுவே நல்ல அறிகுறி என்று ஸ்கவுட்டுகள் (அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள்) நம்புகிறார்கள், நானும்தான். அப்புறம், பந்தை இழந்த அடுத்த நொடி திரும்பி ஓடுகிறானா, நின்று ரெஃப்ரியிடம் கை விரிக்கிறானா. ரீல்ஸில் இது வராது, வெட்டி எறிந்திருப்பார்கள்.

தயவுசெய்து இன்னொன்று. "அவனைப் பார், எவ்வளவு குதிக்கிறான்" என்று ஒப்பிட்டுப் பிள்ளையைத் தினமும் மொட்டை மாடியில் குதிக்க விடாதீர்கள். வளரும் வயதில் முழங்கால் மூட்டுக்குக் கீழே வலி என்றால் குதிப்பதை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். "வலியோட ஆடினாதான் பிளேயர்" என்று எந்த கோச் சொன்னாலும் அந்த கோச்சை மாற்றுங்கள்.

வீடியோ அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் முழு மேட்சை அனுப்புங்கள், தோற்ற மேட்சாக இருந்தால் ரொம்ப நல்லது. பிறந்த தேதியையும் எழுதுங்கள், உண்மையான தேதி. பக்கத்து வீட்டுப் பையன் வீடியோ வேண்டாம்.