மெனு காணோம் என்றால் விண்டோஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறீர்கள். ஒருநாள் ஆன் செய்தால் கறுப்புத் திரை. மூலையில் "கிரப்" (எந்த சிஸ்டம் ஏற வேண்டும் என்று கேட்கும், லினக்ஸோடு வரும் துவக்க மெனு நிரல்) என்ற ஒற்றைச் சொல்லும், பக்கத்தில் சிமிட்டும் கோடும். அல்லது லினக்ஸ் மட்டும் ஏறுகிறது, விண்டோஸ் பட்டியலிலேயே இல்லை. உடனே "விண்டோஸ் அழிஞ்சுபோச்சு" என்று முடிவு கட்டி, டிஸ்க் மொத்தத்தையும் ஃபார்மட் அடித்துவிட்டு, கல்யாணப் போட்டோவை மட்டுமாவது எடுத்துத் தர முடியுமா என்று கேட்டு வருகிறார்கள். ஃபார்மட்டுக்கு முன்பே வந்திருந்தால் பத்து நிமிட வேலை. இது எத்தனையாவது கேஸ் என்று எண்ணுவதையே விட்டாயிற்று.

இந்தப் பயம் எக்ஸ்பி காலத்துப் பயம். அப்போது டிஸ்க்கின் முதல் செக்டாரில்தான் துவக்க நிரல் இருக்கும். மொத்தம் 512 பைட்டு, அதில் நிரலுக்கு 446. ஒரே நாற்காலி, கடைசியாக வந்தவன் முந்தையவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்வான். "முதல்ல விண்டோஸ், அப்புறம்தான் லினக்ஸ்" என்ற பாடம் அங்கிருந்து வந்தது. அந்தக் காலத்திலும் போனது நாற்காலிதான். சி டிரைவில் இருந்த ஒரு ஃபைலுக்கும் சேதமில்லை.

இன்றைய யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக மதர்போர்டில் வரும் துவக்க மென்பொருள்; பேச்சில் இன்னும் பயாஸ்தான்) மெஷினில் அந்தச் சண்டையே கிடையாது. டிஸ்க்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒரு சின்ன ஃபேட்32 பகுதி இருக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலர் போட்டதென்றால் பெரும்பாலும் 100 எம்பி, கம்பெனியிலிருந்து வந்த லேப்டாப்பில் பலவற்றில் 260 எம்பி. அதற்குள் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் தனி, உபுண்டு ஃபோல்டர் தனி. எதை முதலில் கூப்பிடுவது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. பயாஸ் அப்டேட், விண்டோஸ் அப்டேட், லினக்ஸ் இன்ஸ்டால் என்று எது வேண்டுமானாலும் அந்த வரிசையை மாற்றும். வரிசை மாறினால் மெனு மாறும், அவ்வளவுதான்.

ஆகவே, பென்டிரைவைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள். பவர் பட்டனை அழுத்தியதும் எச்பி என்றால் எஃப்9, டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஆசுஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப். வரும் பட்டியலில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" இருக்கிறதா? அதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஏறிவிடும். பிறகு பயாஸில் போய் வரிசையைச் சரிசெய்துகொள்ளலாம். லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குள்ளிருந்து அழித்துவிட்டு, கிரப்பில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கும் இதே வைத்தியம்தான்.

கிரப் மெனு வந்தும் அதில் விண்டோஸ் மட்டும் இல்லையென்றால், 2.06 பதிப்பிலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைந்திருக்கும். கிரப் அமைப்புக் கோப்பில் (/etc/default/grub) GRUB_DISABLE_OS_PROBER=false என்ற வரியின் தலையிலுள்ள # குறியை எடுத்துவிட்டு (வரி இல்லையென்றால் நீங்களே சேர்த்து), அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டுங்கள்.

யூடியூப் பார்த்து "பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர்" கட்டளையை அடிக்காதீர்கள். அது அந்த 446 பைட்டு நாற்காலிக்கான மருந்து. யூஇஎஃப்ஐ-யில் ஒரு பயனும் இல்லை. இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரே போய்விட்டிருந்தால், விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் ஏறி, ஷிஃப்ட்+எஃப்10 அழுத்திக் கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட் கருவியில் அந்தப் பகுதிக்கு ஓர் எழுத்து கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் விண்டோஸ் ஃபோல்டரிலிருந்து துவக்கக் கோப்புகளை மறுபடி எழுத வேண்டும். அங்கே உங்கள் சி டிரைவ் டி என்றோ ஈ என்றோ காட்டலாம். பார்த்துவிட்டு அடியுங்கள்.

நிஜமான ஆபத்துகள் வேறு. யாரும் கவலைப்படாத இடத்தில் இருக்கின்றன.

முதலாவது, பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் குறியாக்கப் பூட்டு. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும்கூட டிஸ்க் சத்தமில்லாமல் பூட்டிக்கொள்கிறது. செக்யூர் பூட்டை (கையொப்பமுள்ள துவக்க நிரலை மட்டும் அனுமதிக்கும் பயாஸ் வசதி) அணைத்தாலோ, கிரப் வழியாக விண்டோஸுக்குப் போனாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் என்னால் முடியாது, வேறு யாராலும் முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்தான். ஆனால் எந்தக் கணக்கில்? லேப்டாப் வாங்கிய கடைப் பையன் அவசரத்துக்கு உருவாக்கிய மெயில் ஐடியிலா? எண்ணை இன்றைக்கே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் அல்ல, தயவுசெய்து.

இரண்டாவது, லினக்ஸ் இன்ஸ்டாலரில் "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்ற தேர்வு. அது ஒரு பார்ட்டிஷனை அல்ல, டிஸ்க்கையே அழிக்கும். கையால் பிரிக்கிறீர்கள் என்றால் இஎஃப்ஐ பகுதிக்கு நேரே "ஃபார்மட்" டிக் விழாமல் பாருங்கள். இடம் ஒதுக்குவதை விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே முடித்துவிடுங்கள். பழைய எம்பிஆர் (அந்த முதல் செக்டார் முறையில் பிரிக்கப்பட்ட) டிஸ்க்கில் "டைனமிக் டிஸ்க்காக மாற்றவா" என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். மாற்றிவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலர் கையை விரித்துவிடும்.

லினக்ஸ் இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லையா? பெரும்பாலும் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி, அதாவது டிஸ்க்கை இன்டெலின் தனி முறையில் கையாளும் பயாஸ் அமைப்பு. அதைச் சாதாரண ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். பயாஸில் நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டும். முதலில் சேஃப் மோடில் ஏறும்படி அமைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறவிட்டு, சேஃப் மோடு அமைப்பை நீக்கி வழக்கமான துவக்கத்துக்குத் திரும்புங்கள். மாற்றத் தெரியாமல் மாற்றி நீலத்திரை வந்துவிட்டதா? பயாஸில் முன்பிருந்தபடியே வைத்தால் எழுந்துவிடும். ஃபார்மட் வேண்டாம்.

சில்லறை விஷயங்கள்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறங்கும் வசதி) அணையுங்கள், இல்லையென்றால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியாது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வரும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால் பேட்டரி மாற்ற ஓடாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யூடிசி எனும் உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. ஏதாவது ஒன்றை மற்றதற்கு ஏற்ப மாற்றினால் போதும்.

ஏற்கெனவே ஃபார்மட் அடித்துவிட்டீர்களா? அப்படியே ஆஃப் செய்யுங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் கணிசமாக எடுக்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி என்றால், லினக்ஸின் எக்ஸ்ட்4 வகையாக ஃபார்மட் செய்யும்போதே "இந்த பிளாக்குகள் இனி வேண்டாம்" என்று டிரைவுக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. அதன்பின் அங்கே படித்தால் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான் வரும்.