கிராபிக்ஸ் கார்டு: வரைகலை அட்டையா, திரைத் தகவியா?

பழைய கணினியில் இரண்டு மானிட்டர் மாட்ட வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் "ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டுவிடு" என்பார்கள். கணினியின் படத்தைத் திரைக்கு அனுப்பும் பலகை அது. சரி என்று தேட ஆரம்பித்தால் எத்தனை ஜிபி, எந்த விளையாட்டு எவ்வளவு வேகமாக ஓடும் என்று பேச்சு வேறு எங்கோ போய்விடும். நமக்கு வேண்டியது இரண்டு திரையில் படம் தெரிவது, அவ்வளவுதான். இந்தக் குழப்பத்தில் பாதி அந்தப் பெயரால் வருவது என்பது என் எண்ணம்.

கிராபிக்ஸ் என்பதன் வேர் 'கிராஃபைன்' என்ற கிரேக்க வினை. முதலில் கீறுதல், பிறகு எழுதுதல், வரைதல் எல்லாவற்றுக்கும் அதே சொல். தமிழில் 'வரை' என்ற வினையும் அப்படித்தான்: படமும் வரையலாம், கடிதமும் வரையலாம். அதனால் 'வரைகலை' எனக்கு நன்றாகவே பொருந்தும் சொல்லாகப் படுகிறது. சிலர் 'வரைவியல்' என்கிறார்கள். தவறில்லை, ஆனால் 'இயல்' வந்ததும் ஏதோ பாடப்பிரிவின் பெயர் மாதிரி ஆகிவிடுகிறது.

கார்டு இன்னும் சுவையான சொல். கிரேக்கத்தில் 'கார்டேஸ்' என்றால் எழுதப் பயன்பட்ட பாப்பிரஸ் தாள், அது லத்தீனில் 'கார்ட்டா' ஆகி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம் ஊர் எழுதுபொருளில் சொன்னால் ஓலை. ஆக வேரைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு 'வரைவோலை' என்று வரும்! அந்தச் சொல்லை வங்கிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள், இனிக் கேட்டாலும் தர மாட்டார்கள். எனவே அட்டை. அடையாள அட்டை, அழைப்பு அட்டை எல்லாம் பழகிய காது வரைகலை அட்டையையும் ஏற்றுக்கொள்கிறது. (இரத்தம் உறிஞ்சும் அட்டையை நினைத்துச் சிரிப்பவர்களும் உண்டு, சில கார்டுகள் மின்சாரம் குடிக்கிற குடியைப் பார்த்தால் அந்தப் பொருளும் ஒட்டும்.)

இந்தப் பாகத்தின் பெயரில் 'கிராபிக்ஸ்' ஏன் நுழைந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். 1981இல் ஐபிஎம் தன் பிசியை (தனிநபர் கணினியை) விற்பனைக்குக் கொண்டுவந்தபோது திரைக்கு இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று மோனோகுரோம் டிஸ்பிளே அடாப்டர்: வரிக்கு 80 எழுத்து, 25 வரி, எழுத்து மட்டும்தான், படத்துக்கு வழியே இல்லை. மற்றது கலர் கிராபிக்ஸ் அடாப்டர், 320க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறத்தில் படம் காட்டும். எழுத்து மட்டும் காட்டுவதிலிருந்து பிரித்துக் காட்டத்தான் கிராபிக்ஸ் என்ற அடைமொழி. பொதுப்பெயர் இரண்டுக்கும் அடாப்டர்தான். இன்னொரு விஷயம், இரண்டும் நினைவகத்தில் வேறு வேறு முகவரியைப் பயன்படுத்தியதால் ஒரே கணினியில் இரண்டையும் செருகி இரண்டு மானிட்டர் வைத்துக்கொள்ள முடிந்தது. நிரல் எழுதுபவர்கள் ஒரு திரையில் நிரலை ஓடவிட்டு மறுதிரையில் பிழை தேடியதும் உண்டு. அதாவது இரட்டைத் திரை ஆசை பிசிக்கு இணையான வயதுடையது.

அடாப்டர் என்றால் பொருத்துவது, ஏற்றதாக்குவது. அதற்குத் தமிழில் 'தகவி' என்ற சொல் இருக்கிறது, தகவு என்பதிலிருந்து வந்தது, அழகான சொல். கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் இன்றும் 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்றுதான் இருக்கும். விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் வாங்குகிறவர் தேடுவது வரைகலை அட்டை. இரண்டு திரைக்காக வாங்குகிறவர் தேடுவது திரைத் தகவி. பொருள் ஒன்றுதான், பார்க்க வேண்டிய இடம் வேறு.

அட்டையின் நினைவகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், மொத்தம் 8 எம்பியைச் சற்றுத் தாண்டும். இரண்டு திரைக்குப் பதினாறு, பதினேழு. இன்றைய இயங்குதளங்கள் சாளரங்களுக்கு இன்னும் பல மடங்கு கேட்கும்தான், ஆனாலும் எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் 1 அல்லது 2 ஜிபியே தாராளம். தகவியாகப் பார்த்தால் கவனிக்க வேண்டியது அதன் முதுகில் மானிட்டர் கம்பியைச் செருகும் வாய்கள் எந்த வகை என்பது: விஜிஏவா, டிவிஐயா, எச்டிஎம்ஐயா, டிஸ்பிளே போர்ட்டா?

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். என் இரண்டாவது மானிட்டரில் விஜிஏ மட்டும். வாங்கிய அட்டையில் டிவிஐ இருந்தது, டிவிஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன முனையும் கையில் இருந்தது, அப்புறம் என்ன என்று செருகினால் இறங்கவே இல்லை. விளக்கடியில் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: முனையில் அந்தத் தட்டையான தகட்டைச் சுற்றி நான்கு ஊசிகள் நிற்கின்றன, அட்டையில் தகட்டுக்குப் பிளவு இருக்கிறது, அதைச் சுற்றி நான்கு துளைகள் இல்லை. அந்த நான்கில்தான் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் சைகை வரும். துளை இருந்தால் டிவிஐ-ஐ (DVI-I), இல்லையென்றால் டிவிஐ-டி (DVI-D). பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கடைசியில் டிஜிட்டல் சைகையை அனலாக்காக மாற்றும் சில்லு உள்ளே வைத்த எச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றியை வாங்கித் தப்பித்தேன்.

மற்றவை சட்டென்று சொல்லிவிடலாம். தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) அட்டையைச் செருக நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் இருக்க வேண்டும். அதற்கும் முந்தைய ஏஜிபி வகைச் செருகுவாய் என்றால் அட்டை கிடைப்பதே பாடு. பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் அதிகபட்சம் 75 வாட் தரும், எனவே 30 வாட் அளவில் ஓடும் ஜிடி 1030 போன்ற சிறிய அட்டைகளுக்குத் தனி மின்கம்பி தேவையில்லை, பழைய பவர் சப்ளையும் பிழைக்கும். ஒல்லியான கேபினட் என்றால் அரை உயரத் தகடு உள்ளதைக் கேளுங்கள். மிகப் புதிய அட்டை சில பழைய பயாஸில் (கணினியை முதலில் துவக்கும் மென்பொருளில்) படமே காட்டாமல் அடம்பிடிக்கும், அதனால் கணினியின் வயதுக்கு ஓரளவு ஒத்த அட்டையே நல்லது.

இத்தனையும் அட்டை வாங்கத்தான் வேண்டும் என்றால். அதற்கு முன் கணினியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பல பழைய தாய்ப்பலகைகளில் விஜிஏவும் டிவிஐயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டிலும் ஒரே நேரத்தில் படம் தருபவை நிறைய உண்டு. இரண்டு கம்பியையும் செருகி ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் தேடுங்கள், உங்கள் திரைத் தகவி தாய்ப்பலகையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.