நாலு நண்பர்கள், மூன்று டெஸ்ட், யாரிடமும் சொல்லாத சர்க்கரை

2025 ஆகஸ்டில், ஆடிப்பெருக்குக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு மாலை, என் நோயாளி ஒருவர் கும்பகோணத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்தார். உரக்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு என்னிடம்தான் பார்க்கிறார். வழக்கமாக ரிப்போர்ட்டை மேஜையில் போட்டுவிட்டு மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்ததா, குறுவைக்கு யூரியா கிடைக்கிறதா என்று பேச ஆரம்பித்துவிடுவார். அன்று ஒன்றும் பேசவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவமனை ஒன்றின் டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினார்.

ரத்தச் சர்க்கரை 2.1 என்று அதில் இருந்தது. அங்கே அளக்கும் கணக்கு வேறு. 18-ஆல் பெருக்கினால் நம் ஊர் அளவு வரும். பெருக்கிப் பார்த்தேன். 38.

70-க்குக் கீழே போனாலே நாங்கள் எச்சரிக்கையாகிவிடுவோம். 38 என்பது மனிதன் நினைவோடு இருப்பதே சந்தேகமான அளவு. என்ன நடந்தது என்று அவர் சொன்னதை, அவருடைய அனுமதியோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரே ஹாஸ்டல் அறையில் படித்த நாலு பேர். அதில் ஒருவர் வேலைக்காக இங்கிலாந்துப் பக்கம் போய், வேல்ஸின் கார்டிஃப் நகரிலேயே தங்கிவிட்டார். ஊர் நடுவிலேயே ரக்பி மைதானம் இருக்கும் நகரம் அது. மழை நாளில் குடை பிடிப்பதுபோல அந்த ஊர்க்காரர்களுக்கு ரக்பி. இவருக்கும் அந்தப் பித்து ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நாலு நாட்டு வீரர்களும் ஒரே சிவப்புச் சட்டையில் ஆடும் 'லயன்ஸ்' அணி, நாலு வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று மாறி மாறிப் போகும். 2021-இல் தென்னாப்பிரிக்காவில் கொரோனாவால் பார்வையாளர்களே இல்லாமல் ஆடினார்கள். அதனால் 2025 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு ரசிகர்கள் எல்லாரும் காத்துக் கிடந்தார்கள். "வாங்கடா, ஐம்பது வயசுல ஒரு தடவை சேர்ந்து போவோம்" என்று கார்டிஃப்காரர் கூப்பிட, மற்ற மூவரும் திருச்சியில் ஏறி சிங்கப்பூர் வழியாகப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

"டெஸ்ட்டுன்னு சொன்னாங்க சார். அஞ்சு நாள்னு நினைச்சேன். எண்பது நிமிஷத்துல முடிஞ்சிடுது" என்றார் இவர். ரக்பியில் டெஸ்ட் என்றால் அவ்வளவுதான். ஆனால் ஜூலை 19 பிரிஸ்பேன், 26 மெல்போர்ன், ஆகஸ்ட் 2 சிட்னி என்று மூன்று டெஸ்ட்டையும் பார்ப்பவருக்கு அது மூன்று வார அலைச்சல். அலைச்சலில்தான் சாப்பாட்டு நேரம் தவறுகிறது, மாத்திரை நேரமும் தவறுகிறது.

மெல்போர்ன் டெஸ்ட் இரவு எட்டு மணிக்கு. நம்மவர் ஒழுங்கானவர். ஏழு மணிக்கு மாத்திரை என்று நான் சொல்லியிருந்தேன், ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டார். க்ளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை. அதைப் போட்டதும் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். ஆனால் அரங்கில் தொண்ணூறாயிரம் பேர். சாப்பாட்டு வரிசையில் நின்றால் ஆட்டத்தின் தொடக்கம் போய்விடும் என்று ஆளுக்கொரு பீரும் கொஞ்சம் சிப்ஸும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டமும் எழுந்து போக விடவில்லை. 23-5 என்று ஆஸ்திரேலியா முந்தியிருந்த நிலையிலிருந்து லயன்ஸ் ஏறி வந்து, கடைசி நிமிடத்தில் 29-26 என்று ஜெயித்தது. அதற்கு மேல் சாப்பாட்டை யார் நினைப்பார்கள்? இன்னும் இரண்டு பீர். அப்புறம் குளிரில் பாட்டுப் பாடிக்கொண்டே வெகுதூரம் நடை.

நடுராத்திரிக்குப் பிறகு, அறையில், இவர் உளற ஆரம்பித்திருக்கிறார். கார்டிஃப்காரரைப் பார்த்து "கடையைச் சாத்தியாச்சா?" என்று கேட்டிருக்கிறார். காலை ஊன்ற முடியவில்லை. "மாப்ளைக்கு ஏறிடுச்சு, தூங்கட்டும் விடு" என்று போர்வையைப் போர்த்திவிட்டார்கள்.

அந்த மூவரில் ஒருவருடைய அம்மா நெடுநாள் சர்க்கரை நோயாளி. அவர்தான் போர்வையைச் சரிசெய்யும்போது கவனித்திருக்கிறார்: மெல்போர்னின் ஜூலைக் குளிரில் இவருடைய சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. "டேய், இவனுக்கு சுகர் இருக்காடா?" என்று கேட்டால் மற்ற இருவருக்கும் தெரியவில்லை. முப்பது வருட நட்பு. பையைக் கொட்டிப் பார்த்து, மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்து, ஆம்புலன்ஸுக்காக 000-க்குப் போன் செய்திருக்கிறார்கள்.

காலை வரை யாரும் எழுப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

இதில் பீரின் வேலை என்ன என்று பலருக்குத் தெரியாது. பீர் குடித்தால் சர்க்கரை ஏறும் என்றுதான் நினைக்கிறார்கள். முதலில் கொஞ்சம் ஏறவும் செய்யும். ஆனால் நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரையை விட்டுக்கொண்டிருப்பது கல்லீரல். மது உள்ளே போனதும் கல்லீரல் அதைக் கழிக்கும் வேலையில் இறங்கிவிடும், சர்க்கரை தயாரிப்பதைக் குறைத்துவிடும். க்ளிமெபிரைடு மாதிரியான மாத்திரையோ, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். நடையும் குளிரும் மீதிச் சர்க்கரையைச் செலவழிக்கும். ஆகவே இறக்கம் குடித்த உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, எல்லாரும் தூங்கும் நேரத்தில் வரும். அப்போது நோயாளி குளறுவார், தள்ளாடுவார், எரிந்து விழுவார். வாயில் மது வாடையும் இருந்தால் நான் பக்கத்தில் இருந்தாலும் மீட்டரில் குத்திப் பார்க்காமல் வித்தியாசம் சொல்ல முடியாது.

ஏன் நண்பர்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா போற இடமெல்லாம் 'இவனுக்கு இட்லி வாங்கிக் கொடுங்கடா'ன்னு கிண்டல் பண்ணுவானுங்க சார். அந்த மூணு வாரமாவது பேஷன்ட்டா இல்லாம இருக்கலாம்னு பார்த்தேன்."

இது எனக்குப் புதிதல்ல. குடும்பத்தோடு காசிக்குப் போகும்போது மாத்திரை டப்பாவை மனைவி வைத்திருப்பார். யார் எப்போது எதைச் சாப்பிட வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆண்கள் நாலு பேராகக் கிளம்பும்போதுதான் எல்லாரும் இருபது வயதுக்குத் திரும்பிப் போய்விடுகிறார்கள். இருபது வயதில் யாருக்கும் வியாதி கிடையாது அல்லவா? ரக்பிக்குப் போனாலும் சரி, இந்திய கிரிக்கெட் அணியைத் தொடர்ந்து இங்கிலாந்துக்குப் போனாலும் சரி, கதை இதுதான்.

ஆகவே வெளிநாட்டுக்குக் கிளம்பும் என் நோயாளிகளிடம் இப்போது நான் முதலில் கேட்பது, "கூடப் போகிறவர்களில் யாருக்கு உங்கள் வியாதி தெரியும்?" என்பதுதான். எல்லாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அறையில் கூடப் படுப்பவருக்குத் தெரிய வேண்டும். அவருக்கு மூன்று விஷயம் சொல்லி வைத்தால் போதும். ஆள் வியர்த்துக் குளறினால், குடித்திருந்தாலும் சரி, முதலில் சர்க்கரை இறக்கம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். விழுங்கும் நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ சாதாரணக் கோலாவாகவோ கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 'டயட்' கோலா எதற்கும் உதவாது. நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அந்த நாட்டின் எண்ணைப் போய் இறங்கியதுமே எல்லாரும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111, பிரிட்டனில் 999. அந்த நேரத்தில் நம் கை 108-ஐத்தான் அழுத்தப் பார்க்கும்.

இன்னொன்று. மாத்திரையால் வந்த இறக்கம் சர்க்கரைத் தண்ணீரில் தெளிந்ததும் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மருந்தின் வேலை தீரும்வரை பல மணி நேரத்துக்கு மறுபடி மறுபடி இறங்கலாம். நம்மவரை ஒரு நாள் முழுக்க மருத்துவமனையில் வைத்திருந்தது அதனால்தான்.

நேரக் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். ஜூலையில் மெல்போர்ன் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கிழக்கே போகும்போது அந்த ஒரு நாள் சுருங்கும். ஊர் நேரப்படி ஒரு டோஸ், இறங்கியதும் அந்த ஊர் நேரப்படி இன்னொன்று என்று போட்டால் இரண்டு டோஸ் நெருங்கிவிடும். மாத்திரைக்காரர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ச் சாப்பாட்டு நேரத்தோடு மாறிக்கொள்ளலாம். இன்சுலின் போடுகிறவர்கள் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டிக்கெட்டோடு உங்கள் டாக்டரிடம் போங்கள், டோஸை அவர் கணக்குப் போட்டுத் தருவார். இன்சுலினைப் பெட்டியில் வைத்து லக்கேஜில் போடாதீர்கள். விமானத்தின் அடிவயிற்றில் உறைந்து வீணாகலாம். கைப்பைதான் அதன் இடம். மலிவு விமானங்களில் சாப்பாடு காசு கொடுத்தால்தான் வரும், அதுவும் அவர்கள் கொண்டுவரும் நேரத்தில்தான். தட்டு மடிக்கு வந்த பிறகு மாத்திரையைப் பிரியுங்கள்.

நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. ஆரோக்கியமானவருக்கு அப்போதும் அது சின்ன ஆபத்துதான். எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். பயணம் முடிந்த பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் காட்டுங்கள்.

இதயத்துக்கு வருகிறேன். 2006-இல் ஜெர்மனியில் கால்பந்து உலகக் கோப்பை நடந்தபோது, ம்யூனிக் பகுதி மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசரங்கள் மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு. ஆண்களில் மூன்று மடங்குக்கும் மேல். ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. கடைசி நிமிட வெற்றி ரசிகருக்குத் தேன். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஒரு டிரெட்மில் டெஸ்ட். போகக் கூடாது என்று நான் சொல்வதில்லை. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ஹோட்டலில் இருந்து பயனில்லை, சட்டைப் பையில் இருக்க வேண்டும். பலரும் சொல்லக் கூசுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நண்பர் கொடுத்தார் என்று சில்டெனாஃபில் (வயாகரா) வகை 'அந்த' மாத்திரையைப் போட்டுவிட்டு, நெஞ்சு வலிக்கு இந்த மாத்திரையையும் வைத்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். போட்டிருந்தால் வெட்கப்படாமல் ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்ற கட்டம் இருக்கும். "அதை நிரப்பாதீங்க, பிரீமியம் ஏறும்" என்று யாரோ இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இவரும் விட்டுவிட்டார். விளைவு, பணம் கேட்டபோது இல்லை என்றுவிட்டார்கள். மறைக்காமல் இருந்தாலும், குடித்திருந்தபோது நடந்தது என்றால் பல பாலிசிகளில் பணம் வராது. அந்தச் சின்ன எழுத்தையும் படித்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் சிவப்புச் சட்டையோடு இருந்த இங்கிலாந்துக்காரருக்கு இந்தக் கவலை குறைவு. பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளோடு ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவ ஒப்பந்தம் உண்டு, அவசரச் சிகிச்சை கிடைத்துவிடும். இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. மெல்போர்னில் ஆம்புலன்ஸுக்கே நாம்தான் கட்ட வேண்டும். கடைசியில் கார்டிஃப்காரர்தான் கார்டைத் தேய்த்திருக்கிறார்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆஸ்திரேலியாவுக்கு சொந்த உபயோக மருந்து மூன்று மாதத்துக்கானது வரை கொண்டுபோகலாம். அட்டையோடு, டாக்டர் கடிதத்தோடு. கடிதத்தில் நம் ஊர்க் கம்பெனிப் பெயர் வேண்டாம், மருந்தின் பொதுப்பெயர் இருக்கட்டும். அங்கே இருப்பவருக்கு அதுதான் புரியும். தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் பல நாடுகளில் கட்டுப்பாட்டில் இருப்பவை. விமானத்தில் தரும் அட்டையில் மருந்தையும் சாப்பாட்டுப் பொருளையும் மறைக்காமல் எழுதுங்கள். வீட்டில் கட்டிக்கொடுத்த மோர்மிளகாயை எழுதிக் காட்டினால், அதிகம் போனால் எடுத்துவைத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அபராதம். ஜூலை அவர்களுக்குக் குளிர்காலம், ஃப்ளூ பரவும் காலம். தடுப்பூசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் அதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

2027-இல் ரக்பி உலகக் கோப்பையும் ஆஸ்திரேலியாவில்தான். மறுபடி போகலாம் என்று இருக்கிறார்கள். போன தை மாதம் கார்டிஃப்காரர் ஊருக்கு வந்திருந்தபோது, நாலு பேரும் ஒன்றாக என் கிளினிக்குக்கு வந்தார்கள். கார்டிஃப்காரர் முதலில் எனக்கு ரக்பி கற்றுக்கொடுத்தார்: கல்கத்தாவில் இருந்த கிளப் ஒன்றை 1878-இல் கலைத்தபோது, மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்துக்குக் கொடுத்தார்களாம். பாம்பு கைப்பிடி, மூடியில் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் அதற்காகத்தான் மோதுகின்றன. சரி என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொருவராக மாத்திரைகளை மேஜையில் வைக்கச் சொன்னேன். உரக்கடைக்காரர் வைத்தார். அவருக்கு இப்போது மருந்தையும் மாற்றியிருக்கிறேன். இரண்டாமவருக்கு ரத்த அழுத்தம் என்பது மற்றவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை என்றவர் தனக்கும் எல்லையில் நிற்பதாகச் சொன்னார். கார்டிஃப்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று சிரித்தார்.

மற்ற மூவரும் காபி குடிக்கக் கீழே இறங்கினார்கள். கார்டிஃப்காரர் வாசல்வரை போய், செருப்பை மாட்டாமல் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.