முன்தீர்ப்பா, முன்மாதிரியா?

சட்டப் பொருளியல் படிக்கும் மாணவி ஒருவர் திருத்தித் தரும்படி கொடுத்த மொழிபெயர்ப்புக் குறிப்பில், 'நீதிமன்ற முன்மாதிரிகள் காலப்போக்கில் தேய்வடைகின்றன' என்ற வசனத்தைக் கண்டதும் சிவப்புப் பேனையை மேசையில் வைத்துவிட்டேன். மாதிரி எப்படித் தேயும்?

பின்வரும் வழக்குகளில் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் பழைய தீர்ப்பை ஆங்கிலத்தில் 'பிரிசிடன்ற்' என்பர்; மாணவியின் 'முன்மாதிரி'க்குப் பதில் நான் அதை 'முன்தீர்ப்பு' என்பேன். 'பிரிசிடன்ற்' என்பது, முன்னே செல்லுதல் என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல். அதற்கு மேல் அதன் பிறப்பில் ஆராய ஒன்றுமில்லை. பிழை 'மாதிரி'யில்தான் இருக்கிறது. ஆசிரியர் எழுதிய மாதிரி விடையைப் பின்பற்றுவதும் விடுவதும் மாணவன் விருப்பம். உயர் நீதிமன்றம் தீர்த்துவைத்த சட்டப் பிரச்சினையை மாவட்ட நீதிமன்றம் அப்படி விட்டுவிட முடியாது. பிடிக்காத தீர்ப்பும் பிணிக்கும். பத்திரிகைகள் விரும்பும் 'முன்னுதாரணம்' வடசொல் கலந்தது என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. உதாரணம் விளக்குமே தவிரக் கட்டுப்படுத்தாது.

அந்தக் குறிப்பின் பொருளையே 'முன்மாதிரி' கெடுத்துவிடுகிறது. 1976 இல் லாண்டெஸ், போஸ்னர் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் முன்தீர்ப்புகளை ஒரு மூலதன இருப்பாகக் கணித்தனர். பழைய வழக்குகளில் செலவான உழைப்பு பின்வருவோருக்குப் பயன் தருகிறது; சட்டம் இன்னதென்று தெளிவாகத் தெரிந்தால், இரு தரப்பும் நீதிமன்றப் படி ஏறாமலே இணங்கிவிடலாம். ஆனால் சமூகமும் சட்டமும் மாற மாற அந்த இருப்புத் தேய்கிறது; புதிய வழக்குகள் புதிய முதலீடாகின்றன. நம் உயர்தர மாணவர் கணக்கீட்டில் பெறுமானத்தேய்வு என்று படிப்பது இதையேதான். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில், தேடியதேட்டம் (மணவாழ்வின்போது ஈட்டிய சொத்து) பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப் பிரிவுகள் 1947 இல் மாற்றப்பட்டபோது, பழைய பிரிவுகளை வைத்து எழுந்த தீர்ப்புகளின் பெறுமதி இறங்கியது. என்.எல்.ஆர். என்ற இலங்கைத் தீர்ப்பறிக்கைத் தொகுதிகளில் அவை இன்றும் அச்சாகவே இருக்கின்றன. தேய்ந்தது அவற்றின் பயன். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் அகப்பட்ட சொல்லை எடுத்துப் போடுமுன், அடுத்த வசனத்தையாவது வாசித்துப் பார்க்கலாம்.

'முன்தீர்ப்பு' என்பதிலும் ஒரு குறை உண்டு: பிணிப்பது தீர்ப்பின் முடிவன்று, அதற்கு அடிப்படையான சட்டக் காரணம். எனினும் அது நீதிமன்றத்தை விட்டு வெளியே போகாத சொல்.

இலக்கணப்படி புணர்த்தி 'முற்றீர்ப்பு' என்றே எழுதவேண்டும் என்பார் பண்டிதர். அதை 'முற்று ஈர்ப்பு' என்று பிரித்து வாசித்த மாணவரை நான் கண்டிருக்கிறேன். ஆகையால் புணர்க்காமலே எழுதுகிறேன்.