குரோமியத்தைக் கல்லுக்குள் கட்டிப்போடுவது எப்படி?

கோவை வட்டாரத்தில் பம்பு, மோட்டார் உதிரிகள் செய்யும் தொழில் எவ்வளவு பெரியதோ, அதை ஒட்டி வளர்ந்த பிளேட்டிங் பட்டறைகளும் அவ்வளவு உண்டு. முலாம் பூசிய உதிரியைக் கழுவிய தண்ணீரும், தொட்டியில் மிஞ்சும் குரோமியக் கரைசலும்தான் தலைவலி. கொங்கு மண்ணுக்கு அடியில் கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில் ஓடும் நீரைத்தான் போர்வெல் இழுக்கிறது. அங்கே குரோமியம் இறங்கிவிட்டால் வழித்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இந்தக் கழிவில் சிமென்டைக் கொட்டிக் கல்லாக்கிவிடலாமே என்று தோன்றும். கடைசியில் செய்வதும் அதுதான், ஆனால் எடுத்த எடுப்பில் செய்யக்கூடாது. முலாம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும், தண்ணீரில் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு போட்டாலும் படியாது. அதை அப்படியே சிமென்டில் கலந்தால் கல் இறுகிவிடும். மழை பட்டால் மஞ்சள் நீர் கசியும்.

எனவே முதலில் கரைசலை பிஎச் 2 அல்லது 3 அளவுக்கு அமிலமாக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்க்கிறார்கள். அன்னபேதியும் உதவும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதே இரும்பு சல்பேட்தான். இவை எலக்ட்ரானைக் கொடுக்க, குரோமியம் மூன்று இணைதிறனுக்கு இறங்குகிறது. மெட்டாபைசல்பைட் போட்ட தொட்டியில் மஞ்சள் பச்சையாக மாறுவது கண்ணுக்கே தெரியும். அதன்பின் சுண்ணாம்பு போட்டு பிஎச்சை 8, 9க்கு ஏற்றினால் ஹைட்ராக்சைடாகி அடியில் சேறாகப் படிகிறது. இந்தச் சேற்றைத்தான் சிமென்டில் கலந்து கல்லாக்குகிறார்கள்.

சுண்ணாம்பு நல்லதுதானே என்று அள்ளிப் போட்டால் வினை. குரோமியம், துத்தநாகம், ஈயம் மூன்றும் அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். சிமென்டின் துளைகளில் நிற்கும் நீரோ பிஎச் 12க்கு மேல்! பிறகு எப்படி உலோகம் அடங்கிக் கிடக்கிறது? சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது கால்சியம் சிலிகேட் கூழ் உருவாகிறது. உலோக அயனிகள் அதன் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. குரோமியம் சில படிகங்களில் அலுமினியத்தின் இடத்திலேயே போய் உட்காருகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் மிஞ்சுவது போன்ற நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்தால் இன்னும் நல்லது. அது மிச்சச் சுண்ணாம்பைத் தின்று காரத்தைக் குறைக்கும், மேலும் கூழ் உண்டாக்கித் துளைகளையும் அடைக்கும். துத்தநாகம் மிகுந்த சேறு சிமென்டைச் சீக்கிரம் இறுகவே விடாது. எண்ணெய்ப் பிசுக்கும் அப்படித்தான்.

கல் கெட்டியாக இருக்கிறதென்று யாரும் சான்றிதழ் தருவதில்லை. அதை 9.5 மில்லிமீட்டருக்கும் சிறியதாக உடைத்து, எடையைப் போல் 20 மடங்கு அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டு 18 மணி நேரம் உருட்டுகிறார்கள். குப்பைமேட்டில் ஊறும் அமில நீருக்குப் பதிலி இது. கரைசலில் குரோமியம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்கவேண்டும். கல்லையே நொறுக்கிவிடுவதால் வெறும் இறுக்கத்தைக் காட்டி இதில் தப்பமுடியாது. அதனால்தான் எனக்கு இந்தச் சோதனைமேல் மதிப்பு. சிமென்டை மேலும் மேலும் கொட்டித் தேறுவது வேறு கதை. அது கழிவின் எடையைக் கூட்டி விஷத்தை நீர்த்துக் காட்டும் தந்திரம்.

தேறிய கல்லையும் கண்ட இடத்தில் போட முடியாது. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளில் சிமென்டின் காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். அதனால் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற, அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் கசிவு நீரை இழுக்கும் குழாயும் பதித்த குழிக்குத்தான் அது போகவேண்டும்.